காற்றுப் பங்கு

அப்பா திராட்சைக் கொடியைக் கிழக்கே நட்டார். மண் அங்கேதான் நன்றாக இருந்தது. பந்தலை மேற்கே இழுத்துப் போனார். மலைக்காற்று அங்கேதான் வீசியது. காற்றில்லாத இடத்தில் கொடி பூசணம் பிடித்துவிடும். அவர் செத்த பிறகு ஊர்ப் பெரிய மனிதர்கள் நடுவில் கயிறு பிடித்துத் தோட்டத்தை இரண்டு மகன்களுக்கும் நியாயமாகப் பிரித்தார்கள். அண்ணன் பவுன்ராசுவுக்குப் பழம், தம்பி சுருளிவேலுக்கு வேர்.

“தண்ணி பாய்ச்சுறது நீ, திங்கிறது உங்கண்ணனா?” என்றாள் சுருளிவேலின் மனைவி போதுமணி.

கிளை கழிக்கும் கவாத்து முடிந்த வாரம் அவன் ரம்பத்தோடு போய், எல்லைக்கு நேர் மேலே கொடியை அறுத்தான். அறுத்த முனையில் நீர் சொட்டியது. பவுன்ராசு ஓடிவந்தார். தம்பியைத் திட்டவில்லை, சொட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று குனிந்து பார்த்தார். காற்று அதைக் கிழக்கே தள்ளியது.

“என் வேர்த் தண்ணி, என் பக்கந்தான் விழும்” என்றான் சுருளிவேல்.

“தள்ளுறது என் காத்துடா. ஓசியில வாங்கிக்கிறியே, வெக்கமா இல்ல?”

சுருளிவேலுக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றே எல்லை நெடுகப் பந்தல் உயரத்துக்குத் தார்ப்பாய் கட்டினான். சில நாள் கழித்து, தண்டில் புதிதாக விட்டிருந்த தளிர்களைப் போதுமணிக்குக் காட்டினான்.

“ஒண்ணாவது ஆடுதா பாரு. அவன் காத்து ஒரு பொட்டு உள்ள வரல.”

போதுமணி ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, “ஆமா, வரல” என்றாள்.