வராத நாள்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தவமலர் ஒருநாள் லீவு கேட்டாள். "ஆள் பத்தாதுலா அக்கா" என்று மேனேஜர் மோகனராஜ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் லீவு ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார். அந்த ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம் உழைத்தவள் அவள். நடப்பது நடக்கட்டும் என்று வேலைக்குப் போகாமல், சுங்கை பினாங்கில் இருந்த தன் வீட்டிலேயே காரியத்தைச் செய்து முடித்தாள்.

மறுநாள் காலை ஃபேக்டரி பஸ்ஸில், பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் பிரேமா கேட்டாள்: "நேத்து பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க, ஒரு வார்த்தை பேசலியே. கோவமாக்கா?"

தவமலர் இறங்கியதும் நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், நேத்து நான் வரல."

"வெளையாடாதீங்க அக்கா. ஏழு மணிக்கே கார்டு தட்டியிருக்கீங்க. சாப்பிடக்கூட எந்திரிக்கல. தினமும் அப்படியே இருங்கலா."

அவள் வேலைக்கூடத்தின் கதவைத் திறந்தாள். அவளுடைய நாற்காலியில், அவளுடைய உயரத்தில் ஒருத்தி, தொப்பியும் முகக்கவசமும் போட்டுக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த மோகனராஜ் வாசலில் நின்ற தவமலரை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப நன்றி அக்கா" என்றார்.

அந்த ஃபேக்டரியில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லித் தவமலர் அதுவரை கேட்டதில்லை.