தேயும் கணவர்

“டாக்டர், இவர் நாளுக்கு நாள் சின்னதாகிட்டே போறாரு,” என்றாள் மனைவி. “முன்னெல்லாம் இவர் கைக்குள்ள என் கை காணாமப் போயிடும். இப்ப இவர் மோதிரம் என் விரலுக்குக் கச்சிதமா இருக்கு. இது போதாதுன்னு, எனக்கும் சின்னச் செருப்பாவே வாங்கிட்டு வர்றாரு.”

கணவர் பக்கத்து நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஹார்மோன் டாக்டர் கல்யாணப் போட்டோவைக் கேட்டார். அவள் போனில் காட்டினாள். படத்தையும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவர் அப்படியேதாம்மா இருக்காரு. நீங்கதான் வளர்றீங்க. மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை அதிகமாச் சுரக்குது போல. டெஸ்ட் எடுத்துடலாம். நல்ல நேரத்துல வந்தீங்க, சரிபண்ணிடலாம்.”

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கணவர் தொண்டையைச் செருமினார்.

“அந்தச் செருப்புக்கு விழுந்த திட்டையெல்லாம் வாபஸ் வாங்கச் சொல்லுங்க டாக்டர்.”