பதினாறாம் லைன்

“அலாரம் மணி அடிக்கல, மணி அடிக்கலன்னா? நீ தூங்கினன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்ட.”

“தூங்கல சார். நேத்து விடியக்காலைல இருந்து உங்களுக்குத்தான் போன் பண்ணிக்கினே இருந்தேன்,” என்றாள் ஜெசிந்தா.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்திருந்த தேவா திரும்பிப் பார்க்கவில்லை. விழுப்புரத்திலிருந்து ஒலக்கூர் வரை பைக்கில் வந்த புழுதி கழுத்தில் அரித்தது. பால் குளிரூட்டும் நிலையம் முழுக்கப் புளித்த வாடை. ஆயிரத்து எண்ணூறு லிட்டர் திரிந்து போயிருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியவர்களை உட்கார வைக்காமல் ஒரு ஜெசிந்தாவை உட்கார வைத்தால் இதுதான் நடக்கும்.

பக்கத்து மேஜையில் மேனேஜர் சீனுவாசன் ஒரு கடிதத்தை டைப் அடித்து வைத்திருந்தார். அவளை வேலையை விட்டு நீக்கும் கடிதம். தேவா பழுதின் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

திரையில் வந்த செய்தியை ஜெசிந்தா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் கோலம்போல. ஐஆர்க்யூ பதினாறு, நோபடி கேர்ட்: பதினாறாம் லைனில் வந்த அழைப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. நேற்று முதல் தடவை போன் செய்தபோது அவள் இதைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவன் சிரித்துவிட்டு போனை வைத்தான். அப்புறம் அவள் எண்ணை சைலண்டில் போட்டான்.

இப்போது, புரியப் போவதில்லை என்று தெரிந்தும், விளக்கினான்.

கருவிகள் ஆளுக்கொரு லைனில் கம்ப்யூட்டரின் மையப் புரோகிராமான கெர்னலைக் கூப்பிடும்; சில லைனில் இரண்டு கருவிகள் இருக்கும். இது என்னுடையது என்று, அந்தக் கருவியைக் கவனிக்கும் டிரைவர் புரோகிராம் முன்வர வேண்டும். யாருமே வராமல் ஒரு லட்சம் தடவை கூப்பிட்டால், கெர்னல் வெறுத்துப்போய் அந்த லைனையே மூடிவிடும். அதே லைனில் இருக்கும் ஒழுங்கான கருவியும் சேர்ந்து ஊமையாகிவிடும். டேங்கின் வெப்பமானி அப்படித்தான் ஊமையானது. அதனால் கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்ரசரும் ஓடவில்லை, மணியும் அடிக்கவில்லை. திரை மட்டும் நாலு டிகிரி, நாலு டிகிரி என்று காட்டிக்கொண்டே இருந்தது.

“ஒரு லட்சம் தடவ பொறுத்துக்குதா சார் அது?” என்றாள் ஜெசிந்தா. “நான் பதினேழு தடவதான் கூப்ட்டேன்.”

சீனுவாசன் இருமினார்.

கூப்பிட்டுக்கொண்டே இருந்தது இரண்டாவது எடைமேடையின் கார்டு. அதன் டிரைவரை யாரோ, மெஷின் எழும்போது ஏற்றக் கூடாதவற்றின் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

“எவனோ அரைகுறை கை வெச்சிருக்கான்,” என்றான் தேவா, சீனுவாசனுக்குக் கேட்கும்படி. “இந்த ஊர்ல ஸ்குரூ டிரைவர் வெச்சிருக்கறவன்லாம் எஞ்சினியர்.”

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷினில் எதைத் தொட்டாலும் அந்த இடத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதி, பெயர் போட்டுவிடுவான். அப்படிப் போடாதவர்கள் மேல் அவனுக்கு அளவற்ற இளக்காரம்.

பட்டியல் இருந்த ஃபைலைத் திறந்தான்.

ஒரே ஒரு வரி. அதன் முடிவில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: இரண்டாவது எடைமேடை, யாரும் பயன்படுத்துவதில்லை, வெறும் தொல்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

அன்று தேவா யாரையும் கேட்கவில்லை. மெஷினை நிறுத்திப் போட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு முதன்முதலாக மெஷின் நின்று எழுந்தது நேற்று விடியற்காலை, கரண்ட் போனபோதுதான்.

தேதிக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் நாலெழுத்தில் ஒரு பெயர்.

தேவா ஃபைலை மூடினான். சீனுவாசன் பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கம் நீட்டினார்.

“காரணத்த எழுதுங்க சார். ஜல்தியா முடிச்சிடலாம்.”

பின்னால் நோட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா புதுப் பக்கத்தில் பாதி வரியை அதற்குள் எழுதியிருந்தாள், அதே கோல எழுத்தில்.

“சார், அந்த வரிய இன்னொரு வாட்டி காட்டறீங்களா? கடைசில இருக்கற பேர நான் இன்னும் எழுதிக்கல.”