சொல்ல வேண்டிய விஷயம்

“வால்வுல ஆரம்பிக்காதீங்க சார். அந்தம்மா உங்ககிட்ட வால்வைப் பத்தியா கேட்கப்போறாங்க?” என்றாள் டீச்சர்.

இன்ஜினீயர் தலையைக் குனிந்துகொண்டான்.

வேலை பார்க்கிற இன்ஜினீயர்களுக்கு ஒழுங்காக எழுதவும் பேசவும் சொல்லித் தருகிற வகுப்பு அது. மாடியில் ஒரே அறை, ஒரு வெள்ளைப் பலகை, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள். வகுப்பு சாயங்காலம்தான். இவனோ மத்தியானமே ஆலை உடுப்போடு வந்து நின்றான். ஒருத்தரிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், வாய் வரமாட்டேன் என்கிறது என்றான்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய ஒருவர் விஷவாயு தாக்கி இறந்துபோனார். அதை அவர் மனைவியிடம் சொல்ல வேண்டும். ஆலையில் ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். மேனேஜர், “வகுப்புக்குப் போறவன் நீதானே, நீயே போய்ச் சொல்லு” என்று இவன் தலையில் கட்டிவிட்டார்.

செத்தது யார் என்று டீச்சர் கேட்கவில்லை. வேலையிடத்து விவகாரங்களை ஆள் பேர் இல்லாமல் பேசுவதுதான் அங்கே வழக்கம். இல்லாவிட்டால் எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

“பயமா இருக்கு டீச்சர்.”

“இருக்கும். பயத்துலதான் வால்வு, மோட்டார்னு சுத்தி வளைக்கிறீங்க. மறுபடியும் சொல்லுங்க.”

சொன்னான். பராமரிப்புப் பணியின்போது எதிர்பாராத விதமாக உயிரிழப்பு ஏற்பட்டது என்றான். டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது. இது என்ன, மேலிடத்துக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டா? பெண்டாட்டியிடம் போய் உயிரிழப்பு ஏற்பட்டது என்றால் அவளுக்கு என்ன புரியும்? யாருக்கோ என்னவோ ஆயிற்று என்றுதானே நினைப்பாள்?

“இன்ஜினீயருங்களே இப்படித்தான்” என்று அலுத்துக்கொண்டாள். “எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே. பம்ப் ரிப்பேர்னா ஊர் ஊரா ஓடுவார். காலையில எந்தப் பக்கம் போறார்னுகூட வாயத் திறந்து சொல்றதில்ல. எல்லாத்தையும் நாமளே ஊகிச்சுக்கணும்.”

அவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. பாவமாக இருந்தது அவளுக்கு. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். “இங்க பாருங்க. துக்கத்தைத் தவணையில சொல்லக் கூடாது. விஷயத்தை முதல்ல சொல்லிடணும். அப்புறம் எப்படின்னு ஒரு வார்த்தை. அப்புறம் நீங்க என்ன செய்யப்போறீங்கன்னு. அவ்வளவுதான். நான்தான் அந்தம்மான்னு வெச்சுக்குங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். கீழே சாலையில் ஏதோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

“என்னைப் பாருங்க சார்.”

பார்த்தான்.

“உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா. எங்க ஆலைத் தொட்டியில பம்ப்பைப் பார்க்க இறங்கினார், விஷவாயு அடிச்சிடுச்சு. தூக்கிட்டு ஓடினோம், காப்பாத்த முடியல. ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. நான் கூடவே இருக்கேன். வாங்க, போகலாம்.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்து, கண்ணீர் வழிந்தது. இத்தனை நாளில் அவன் ஒரு தடவைகூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

“இதான் சார். ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். அழுகை வந்தா வரட்டும், தப்பில்ல” என்றபடி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். “கிளம்புங்க. வேற யார் வாயாலயாவது கேட்கிறதுக்குள்ள அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடுங்க.”

அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“சொல்லிட்டேன், டீச்சர்” என்றான்.