மூன்றாவது குடி

மேம்பாலத்தடியில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் ரெஜினாவும் தெருக்காரர்களும் தும்பையும் ஆவாரையும் நொச்சியும் வளர்த்திருந்தார்கள். நாட்டு உயிர்கள் மூன்று வகை குடியேறினால் இடம் தெருவுக்கே சொந்தம் என்பது புதுச் சட்டம். கூட்டைக் கலைத்தால் ஜெயில்.

அதிகாரி கருணாகரன் காலையிலிருந்து செடி செடியாகத் தேடிவிட்டுக் கையை விரித்தார். "தையல்சிட்டு, ஓணான். ரெண்டுதாம்மா. நாளைக்கு பார்க்கிங் வந்துடும்."

கிளம்பப் போனால், செடியோரம் நிறுத்தியிருந்த அவர் ஸ்கூட்டரில் சாவி நுழையவில்லை. சாவித்துளையைக் குளவி மண் பூசி அடைத்திருந்தது.

"மூணு!" ரெஜினா துள்ளிக் குதித்தாள். "சார், வண்டியத் தொடாதீங்க! குளவி கூடு கட்டுனா வீட்ல புள்ள பொறக்கும்!"

"அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆகுறேம்மா!"

சிரிப்பில் மேம்பாலமே அதிர்ந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தவர், பாதி வழியில் நின்று, கல்யாணமாகி ஆறு வருஷமான மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, ஏதாவது விசேஷமா?"