பாதிக் கஞ்சி

லாபு ஊர்ப் பக்கம் ரப்பர்க் காட்டுச் சண்டையில் குண்டடிபட்ட இருவரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். ஒருவன் கம்யூனிஸ்டு, மற்றவர் தோட்டக் காவலர் என்று மட்டும் சொல்லிவிட்டு லாரி போய்விட்டது.

இருவரில் யார் எவர் என்று கேட்க நர்ஸ் தங்கேஸ்வரிக்குத் தோன்றவே இல்லை. நயமாகப் பேசிய அமிர்தலிங்கத்தைக் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்டாள். அழுக்கு வேட்டி மாயாண்டி வாய் திறந்தாலே, காதில் விழாதவள்போல் நகர்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை அமிர்தலிங்கத்துக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். போலீஸ் சார்ஜன்ட் வந்து அவனுக்கே கைவிலங்கு மாட்டினார்.

“அப்ப அவரு?”

“மாயாண்டியா? எங்க காவக்காரரு, மிஸ்ஸி.”

முகம் கன்றிப்போய், கஞ்சிக் கிண்ணத்தோடு மாயாண்டியிடம் ஓடினாள். “மன்னிச்சிடுங்க அண்ணே. சாப்பிடுங்க.”

அவர் கிண்ணத்தை மெல்லத் தள்ளினார். “அவன் பாதியில இருக்கும்போதே பிடுங்கிட்டு வந்துட்டீங்களே, மிஸ்ஸி. அவனுக்கு ஊட்டிட்டு வாங்க.”

தங்கேஸ்வரியால் இருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.