காலண்டர் படம்

அழகாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கம்பெனியின் கழிவுக் குழாய்க்குக் கீழே எடுத்த மட்டிச் சிப்பி. அதன் ஓட்டுத் துண்டை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து, இரண்டு போலராய்டு வடிகட்டிக்கு நடுவே வைத்திருந்தாள். காலேஜ் லேப் மைக்ரோஸ்கோப்புக்குள் ஊதா, மஞ்சள், ரோஸ். சுழல் தட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒரு மூலை மினுக்கியது.

ஒழுங்காக வளர்ந்த ஓடு இப்படி மினுக்காது. அதன் படிகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். திருப்பிக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு கோணத்தில் மொத்தமும் இருண்டுவிடும்.

அந்த இருட்டுதான் ஆரோக்கியம். இந்த மினுக்கல் நோய்.

இதை எந்த அதிகாரிக்குப் புரியவைப்பது?

போன விசாரணையில் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். அதிகாரி படத்தைத் தூக்கிப் பிடித்து ரசித்தார். காலண்டருக்குப் போடலாம் என்றார். கம்பெனி வக்கீல் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்குக் கடைசி விசாரணை. குழாயை மூடாவிட்டால் ஆற்றுமுகத்தில் மட்டி எடுக்கும் பெண்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

காலையிலிருந்து அசிங்கமான ஒரு கோணம் தேடுகிறாள். சனியன், ஒன்றுகூடச் சிக்கவில்லை.

மட்டி எடுத்துக் கொடுத்த லூர்தம்மாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கால்விரல் இடுக்கெல்லாம் புண். அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றதில் வந்தது.

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு படங்கள். ஒன்று, இந்த வண்ணம். இன்னொன்று, குழாயே இல்லாத தென்கரையில் எடுத்த நல்ல மட்டி. கன்னங்கரேல் என்று இருந்தது.

லூர்தம்மாள் வண்ணப் படத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுந்து வந்து கருப்புப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

“நம்ம மட்டிதானே டீச்சர் இது? எப்படிக் கருக்கி வச்சிருக்கானுவ பாத்தீங்களா, பாவிப் பயலுவ.”

சொல்லும்போதே லூர்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

இல்லக்கா, அது நல்ல மட்டி என்று சொல்ல இவள் வாயெடுத்தாள்.

அதிகாரியும் இப்படித்தான் பார்ப்பார்.

வாயை மூடிக்கொண்டாள்.

கருப்புப் படத்துக்குக் கீழே ‘தென்கரை’ என்று டைப் அடித்திருந்தது.

அதை அழித்தாள்.